பால் மறந்த பன்றிக்குட்டியும் மசாலாச் சரக்கும்

பம்பாய் நகரின் மொத்த வாணிகம் நெடுங்காலம் மஸ்ஜித் பந்தர், பைகுலா முதலிய நெருக்கமான பகுதிகளில் நடந்துவந்தது. 1980களிலும் 1990களிலும் அது படிப்படியாகத் தாணே உப்பங்கழியைக் கடந்து வாஷிக்குக் குடிபெயர்ந்தது. இன்று அங்கே வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரு சந்தை, பழத்துக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று, மசாலாச் சரக்குகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைந்திருக்கின்றன. மசாலாச் சந்தையில் நுழைவோருக்கு வாயிலிலேயே தும்மல் வந்துவிடும். மஞ்சள் என்றால் சாங்லி, ஈரோடு. மிளகாய் என்றால் குண்டூர், பியாடகி. ஓமத்துக்கு இராஜஸ்தானமும் குஜராத்தும். பட்டைக்கு வியட்நாமும் இந்தோனேசியாவும். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழர் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நிரப்புவதிலும் இந்தச் சந்தைக்குப் பங்கு உண்டு.

இச்சரக்குகள் போய்ச் சேருமிடம் சமையலறை என்றும், சிறிதளவு மருந்துக்கடை என்றும் நாம் நினைத்திருக்கிறோம். அண்மைக் காலத்தில் இவற்றுக்கு மூன்றாவது ஓர் இடமும் ஏற்பட்டிருக்கிறது. அது கால்நடைகளின் தீவனத் தொட்டி. ஓமம், பூண்டு, மஞ்சள், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் பொடியையோ எண்ணெயையோ தீவனத்தில் சேர்த்தால், தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டியின் குடல் கெடாமல் இருக்கும் என்று பலர் கூறுகின்றனர். அதை நம்பி விற்போரும் வாங்குவோரும் பெருகியிருக்கின்றனர். இக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு வெறும் வாசனை என்பதை இங்கே ஆராய்வோம்.

பன்றியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. ஆயினும் தொல்காப்பிய மரபியல் நாய், புலி, முயல் ஆகியவற்றோடு பன்றியின் இளமைக்கும் குருளை என்று பெயர் வகுத்துத்தான் வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் ஏறத்தாழ 90 இலட்சம். அவற்றில் ஏறத்தாழப் பாதி அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இருந்தது. தமிழகத்தில் இத்தொழில் சிறிதேயாயினும், சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பன்றிகளை வளர்த்து ஆராய்ந்து வருகிறது. அங்கிருந்து குட்டிகளை வாங்கிச் சென்று தொழில் தொடங்கிய இளைஞர்கள் பலர். செம்பூருக்கு அருகே தேவனாரில் அமைந்துள்ள நகராட்சி இறைச்சிக் கூடத்திலும் பன்றிக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பன்றியை உண்ணாதவரும் வளர்க்காதவரும்கூட இவ்விஷயத்தில் தொடர்புடையவர்களே என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் குட்டியின் வயிற்றை அறிந்துகொள்ள வேண்டும். நல்ல இனத்துப் பன்றிக்குட்டி பிறக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேலாக எடையிருக்கும். மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கிடைத்துவிடுகின்றன. பன்றிக்குட்டிக்கு அந்தப் பேறு இல்லை. பன்றியின் நஞ்சுக்கொடி அப்பொருள்களைக் கருவுக்குள் விடுவதில்லை. ஆகையால் பிறந்த நாளன்று குடிக்கும் சீம்பாலே அதற்குக் கவசம். ஏறத்தாழ ஒரு நாள் கழிந்ததும் குடற்சுவர் அப்பொருள்களை முழு உருவில் உள்ளே ஏற்பதை நிறுத்திவிடும். முதல் நாளில் முலைக்காம்பை எட்டாமல் போன நோஞ்சான் குட்டி, பின்னர் எத்தனை மருந்து கொடுத்தாலும் தேறுவது அரிது.

சீம்பாலுக்குப் பிறகு வரும் பால் வேறொரு வகையில் காக்கிறது. தாய்ப்பன்றி ஏறத்தாழ மணிக்கொரு முறை பாலூட்டும். பகலிரவாக இருபது முறைக்கு மேல் ஆகும். அந்தப் பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் குடலின் உட்பரப்பில் பூச்சுப்போல் படிந்து நோய்க்கிருமிகளை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. பாலிலுள்ள சர்க்கரையை இலாக்டோபாசில்லஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து இலாக்டிக் அமிலமாக்குகின்றன. குட்டியின் இரைப்பை தானாகப் போதிய அமிலம் சுரக்க இன்னும் பழகாத அக்காலத்தில், இந்தப் புளிப்பே காவலாளாக நிற்கிறது.

காட்டில் வாழும் பன்றி மூன்று மாதம் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், சிறிது சிறிதாகப் பாலை மறக்கச் செய்கிறது. பண்ணையில் அவ்வளவு காத்திருப்பதில்லை. நம் நாட்டில் ஆறு முதல் எட்டு வாரத்திலும், ஐரோப்பியப் பண்ணைகளில் மூன்று அல்லது நான்கு வாரத்திலும் குட்டிகளை ஒரே நாளில் பிரித்துவிடுகின்றனர். அந்த ஒரு நாளில் குட்டிக்கு நேர்வன பல. தாயில்லை, பழகிய கொட்டில் இல்லை, முன்பின் அறியாத வேறு குட்டிகளோடு சண்டை, மணிக்கொரு முறை கிடைத்த இளஞ்சூடான பாலுக்குப் பதிலாகத் தொட்டியில் உலர்ந்த மாவு. சில குட்டிகள் ஒரு நாள், இரண்டு நாள் ஒன்றும் உண்ணாமல் கிடக்கும். பிறகு பசி பொறுக்கமாட்டாமல் ஒரேயடியாக உண்ணும்.

குடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறுப்புகளைக் குடலுறிஞ்சிகள் என்பர். உணவுச் சத்தை உடலுக்குள் வாங்குவன அவையே. அவற்றுக்கு வேண்டிய ஊட்டத்தில் பெரும்பகுதி, குடல்வழியே செல்லும் உணவிலிருந்தே நேரே கிடைக்கிறது. குட்டி பட்டினி கிடந்தால் முதலில் பட்டினி கிடப்பது இக்குடலுறிஞ்சிகள்தாம். பால் மறந்த நான்கைந்து நாள்களுக்குள் அவற்றின் உயரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டிருக்கின்றனர். குட்டையான உறிஞ்சிகளால் உணவு முழுவதையும் வாங்க இயலாது. செரியாத புரதம் கீழ்க்குடலுக்குச் சென்று அழுகுகிறது. வயிற்றிலோ புளிப்பு குறைந்துவிட்டது. பாலோடு வந்த எதிர்ப்புப் பொருள்களும் நின்றுவிட்டன. குட்டி தானாக அவற்றை உண்டாக்கும் ஆற்றல் இன்னும் முழுமையாக வரவில்லை. பகைவன் புகுவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

அந்தப் பகைவன் பெரும்பாலும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை. ஈ. கோலையில் பல வகைகள் தீங்கற்றவை. நம் குடலிலும் வாழ்பவை. நோய் தரும் வகைக்கு எஃப் 4, எஃப் 18 என்று பெயரிடப்பட்ட மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் அது குடலுறிஞ்சிகளைப் பற்றிக்கொண்டு நச்சைக் கக்குகிறது. குடற்சுவரைக் கிழித்தெறியாமலே, உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் இறைக்கச் செய்வது அந்நச்சின் வேலை. நீர்த்த கழிச்சல் காண்கிறது. வால்புறம் நனைந்து, கண் குழிந்து, ஓரிரு நாளில் குட்டி இறக்கவும் கூடும். ஒரே ஈற்றுக் குட்டிகளுள் சில மட்டும் நோயின்றித் தப்புவதைப் பண்ணையாளர் கண்டு வியப்பதுண்டு. எஃப் 4 இழை பற்றிக்கொள்ளத் தக்க இடமே குடலில் இல்லாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு என்பது அதற்கு ஒரு காரணம்.

இந்த நச்சு, மனிதரின் வாந்திபேதி நச்சுக்கு நெருங்கிய உறவு. 1971இல் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். நச்சு தாக்கிய குடலும் குளுக்கோஸோடு சேர்ந்த உப்பை வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். பன்றிக்குட்டியின் குடலுக்கும் இது பொருந்தும். கழிச்சல் கண்ட குட்டிக்கு எந்த மூலிகையைத் தேடுவதற்கும் முன்னால், இந்த உப்புச் சர்க்கரை நீரைத் தூய பாத்திரத்தில் வைத்தல் வேண்டும்.

இனி, பண்ணைகள் இந்நோயை எவ்வாறு அடக்கிவைத்தன என்பதைப் பார்ப்போம். அக்கதை நம் நாட்டவர் ஒருவரையும் தொட்டுச் செல்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தின் ஆராய்ச்சிகளுக்குத் தலைமை தாங்கினார். அங்கே பெஞ்சமின் டக்கர் என்பவர் ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தை 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தைப் புளிக்கவைத்து எடுத்த பிறகு எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு அதே கூடத்து ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட விரைவாக வளர்ந்தன. சக்கையில் எஞ்சியிருந்த சிறிதளவு மருந்தே காரணம் என்று தெரியவந்தது. பன்றிக்குட்டிகளிலும் அதுவே நிகழ்ந்தது. 1951இல் அமெரிக்க அரசு அம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது. டன்னுக்குச் சில கிராம் கலந்தால் கழிச்சலும் குறையும், எடையும் கூடும் என்றால் வேண்டாம் என்பார் யார்?

விலை பின்னால் வந்தது. சிறிய அளவில் நாள்தோறும் மருந்தைக் கண்டு பழகிய பாக்டீரியாக்கள் அதற்கு அஞ்சாதவையாக மாறின. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பதைத் தடை செய்தது. டென்மார்க்கு 1998இல் பெரிய பன்றிகளுக்கும், 1999 முடிவதற்குள் இளங்குட்டிகளுக்கும் அதை நிறுத்தியது. 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்திற்று. டென்மார்க்கின் அனுபவம் கருதத்தக்கது. பெரிய பன்றிகளுக்கு நிறுத்தியதால் பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை. இளங்குட்டிகளுக்கு நிறுத்தியபோதோ கழிச்சல் மிகுந்து, நோய் தீர்க்கவென்று கொடுக்கும் மருந்தின் அளவு சிலகாலம் உயர்ந்தது. இடர் குவிந்திருந்த இடம் பால் மறக்கும் அந்தச் சில வாரங்களே என்பது அப்போது தெளிவாயிற்று. பிறகு துத்தநாக ஆக்சைடு கைகொடுத்தது. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் அளவில் இரண்டு வாரம் கொடுத்தால் கழிச்சல் நின்றது. ஆனால் அந்தத் துத்தநாகம் சாணத்தோடு வயலுக்குச் சென்று மண்ணில் தங்கியது. 2022 ஜூன் மாதத்தில் ஐரோப்பா அதையும் மருந்தளவில் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

இதற்கிடையே, 2015இல் சீனத்து ஆராய்ச்சியாளர்கள் பன்றிகளிலிருந்து எடுத்த ஈ. கோலையில் புதிய மரபணு ஒன்றைக் கண்டனர். கொலிஸ்டின் என்னும் மருந்தை முறியடிக்கும் ஆற்றலை அது ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றித் தரவல்லது. வேறு மருந்து எதற்கும் மசியாத நோயாளிக்கு மருத்துவமனைகளில் கடைசியாகக் கையாளும் மருந்துகளுள் கொலிஸ்டின் ஒன்று. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும், கோழிகளுக்கும், மீன் வளர்ப்புக்கும், தீவனச் சேர்க்கைக்கும் கொலிஸ்டினை விற்பதைத் தடை செய்தது. பன்றியைத் தொடாதவருக்கும் இதில் தொடர்பு உண்டு என்று மேலே சொன்னது இதனால்தான். கொட்டிலில் பழகிய பாக்டீரியா கழிவுநீரோடும், உழைப்பவர் கையோடும், இறைச்சியோடும் ஊருக்குள் வருகிறது.

ஆக, மருந்து போய்விட்ட இடத்தில் மசாலா வந்து நிற்கிறது. தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றாது. கைக்குழந்தைக்கு வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் உரைத்து ஊற்றும் உரைமருந்து நம் வீடுகளில் வழிவழியாக வருவது. அயல்நாட்டார் புதிதாகக் கண்டதாகப் பேசும் பொருள்கள் பலவும் நம் பாட்டியின் பெட்டியில் இருந்தவையே. ஆயினும், பாட்டி கொடுத்தது என்பதாலேயே ஒரு பொருள் வேலை செய்கிறது என்றோ, தீங்கற்றது என்றோ ஆகிவிடாது. பிள்ளை வளர்த்தி என்று செல்லமாக அழைக்கப்படும் வசம்பில் பீட்டா அசரோன் என்னும் பொருள் இருக்கிறது. அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. எனவே ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே பார்ப்பதே முறை.

ஓமத்திலிருந்து தொடங்குவோம். மராட்டியர் ஓவா என்பர். ஓம எண்ணெயில் ஏறத்தாழப் பாதி தைமால் என்னும் ஓமவுப்பு. இது பாக்டீரியாவின் மேலுறையில் கரைந்து புகுந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளே இருக்கவேண்டிய உப்புகள் வெளியே கசிந்து பாக்டீரியா மடிகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓரிகனோ தழையிலுள்ள கார்வக்ரால், கிராம்பிலுள்ள யூஜினால் ஆகியவையும் ஏறத்தாழ இவ்வழியிலேயே செயற்படுகின்றன. ஆய்வுக் குழாயில் இவை ஈ. கோலையை அடக்குவது ஐயமற்றது. ஆனால் அதற்கு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தைமால் வேண்டியிருக்கிறது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓம விதையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு எண்ணெய். அதில் பாதி தைமால் என்று கொண்டால், ஒரு கிலோ ஓமத்தில் பத்து முதல் இருபது கிராம் தைமால். ஐம்பது கிலோ தீவன மூட்டையில் ஒரு கைப்பிடி, அதாவது ஐம்பது கிராம் ஓமம் கலந்தால் கிடைப்பது அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை. கிலோ தீவனத்துக்குப் பத்து முதல் இருபது மில்லிகிராம்தான் ஆயிற்று! கிலோவுக்கு இருநூறு மில்லிகிராம் வேண்டுமானால், மூட்டைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ ஓமம் சேர்க்கவேண்டும். வாஷிச் சந்தை விலையை விசாரித்துக்கொண்டு அக்கணக்கை முடிக்கும் பொறுப்பைப் பண்ணையாளருக்கே விட்டுவிடுகிறோம். அவ்வளவு சேர்த்தால் வேறொரு தொல்லையும் உண்டு. பன்றியின் மோப்பம் மிகக் கூர்மையானது. நெடி மிகுந்தால் குட்டி தொட்டியை முகர்ந்துவிட்டு விலகிவிடும். உண்ணாத குட்டியின் குடல் என்னாகும் என்பதை மேலே கண்டோம்.

மற்றொரு சிக்கலும் இருக்கிறது. தைமாலைப் போன்ற வாசனைப் பொருள்களை அப்படியே கொடுத்தால், அவை இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. நோய்க்கிருமி வேலை செய்யும் சிறுகுடலின் பிற்பகுதிக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். இதனால்தான் தீவனத் தொழிலார் எண்ணெயைக் கொழுப்புறைக்குள் சிறு மணிகளாக அடைத்து, குடலில் மெல்லக் கரையும்படி செய்து விற்கின்றனர். உறையிட்ட சரக்கு விலை கூடியது. ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. வீட்டில் அரைத்த பொடியையும் இதையும் ஒன்றாக எண்ணலாகாது.

பூண்டின் கதை வேறு. நசுக்கியபின் உண்டாகும் அல்லிசின் கிருமிகளை அடக்கும். ஆனால் அது நிலையற்றது. உலர்த்துவதிலும் வேகவைப்பதிலும் பெரிதும் குறைந்துபோகும். மஞ்சளிலுள்ள குர்குமின் உடலுக்குள் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் என்று மனித மருத்துவர்கள் குறைகூறுவது வழக்கம். குட்டியின் குடலை மட்டும் கருதும்போது அக்குறையே ஒரு வகையில் நலமாகிறது. பொருள் குடலிலேயே தங்குகிறது. குர்குமின் கிருமியைக் கொல்வதைவிட, குடற்சுவரின் அழற்சியைத் தணிப்பதிலும், சுவரிலுள்ள உயிரணுக்களுக்கிடையேயான இறுக்கத்தைக் காப்பதிலும் பயன்படுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. கடுக்காய், மாசிக்காய் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருளான டானின் கழிச்சலைக் கட்டும். அதே டானின் புரதத்தையும் இரும்புச் சத்தையும் கட்டிப்போடும். பன்றிக்குட்டி பிறப்பிலேயே இரும்புச் சத்துக் குறைந்தது. மூன்றாம் நாள் இரும்பூசி போடுவதே அதற்காகத்தான். ஆகவே துவர்ப்பை அளவறிந்து சேர்க்கவேண்டும்.

மொத்தத்தில் பலன் உண்டா? பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், தரமான தாவரச் சேர்க்கைகளால் கழிச்சல் சற்றுக் குறைவதும், தீவனம் சற்றுக் கூடுதலாக எடையாக மாறுவதும் பல சோதனைகளில் தெரிகின்றன. பலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. துத்தநாக ஆக்சைடு தந்ததுபோன்ற உறுதியான பலனை எந்த மூலிகையும் இதுவரை தந்ததில்லை. இவற்றைத் துணைப்பொருள் என்று கொள்ளலாம். மருந்துக்கு மாற்று என்று விற்பது மிகைக்கூற்று என்பதே நம் கருத்து. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலுக்குக்கூட மூலிகைப் பொடி விற்போர் இருந்தால் அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்புக. 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய அந்த நோய், வைரஸால் வருவது. அதைத் தடுக்கும் சரக்கு எந்த மசாலாச் சந்தையிலும் இல்லை.

சந்தை என்றதும் கலப்படத்தையும் பேசியாக வேண்டும். எண்ணெய் வடித்தெடுத்த கிராம்பும், சாறு எடுத்த மஞ்சள் சக்கையும் பார்வைக்கு முழுச் சரக்குப்போலவே இருக்கும். குட்டிக்கு அவற்றால் பயனில்லை. பட்டையில் இலங்கைப் பட்டை வேறு, தடித்த காசியாப் பட்டை வேறு. பின்னதில் ஈரலுக்கு ஆகாத கூமரின் மிகுதி. மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டுப் பூசும் கொடிய வழக்கம் சிலவிடங்களில் பிடிபட்டிருக்கிறது. கிடங்கைக் கூட்டி அள்ளிய தூசுச் சரக்கு கால்நடைக்குப் போதும் என்று மலிவாக வாங்குவோரும் உளர். பூஞ்சை பிடித்த மிளகாயிலும் கடலைப் பிண்ணாக்கிலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கும். பண்ணை உயிர்களுள் அந்நஞ்சு எளிதில் தாக்குவனவற்றில் பன்றிக்குட்டியும் ஒன்று. கொங்கண மழைக்காலத்தில் மூட்டை வியர்த்துப் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. குடலைக் காக்கவென்று வாங்கிய பொடி ஈரலைக் கெடுத்துவிடலாம். வெங்காய உருளைச் சந்தையில் ஒதுக்கிய கிழங்கைக் கொண்டுபோய்ப் போடுவோர், பச்சை பாய்ந்ததையும் முளைவிட்டதையும் நீக்கி, எஞ்சியதை வேகவைத்துப் போடவேண்டும். பச்சை பாய்ந்த கிழங்கிலுள்ள சொலனின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டிய பணிகள் சில உண்டு; அவற்றுக்கு மசாலாவைவிடச் செலவு குறைவு. ஈன்ற அன்று ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்த்தல். இரண்டாம் வாரத்திலிருந்தே தாயோடு இருக்கும்போது சிறிது சிறிதாக மாவுத் தீவனம் காட்டிப் பழக்குதல். குட்டி போதிய எடை அடையும்வரை பிரிக்காதிருத்தல். நம் நாட்டு வழக்கமான ஆறு, எட்டு வாரம் என்பது குடலுக்கு நல்லதே, அயல்நாட்டுப் பண்ணையைப் பார்த்து அவசரப்படத் தேவையில்லை. பிரித்த முதல் வாரங்களில் புரதத்தை அளவோடு நிறுத்தி, லைசின் முதலிய அமினோ அமிலங்களால் ஈடுசெய்தல். பச்சைச் சோயாவைத் தவிர்த்தல். தரை ஈரமின்றி, இரவில் குளிர்காற்று நேரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுதல். உணவகங்களின் மிச்சத்தைப் போடுவதானால், கொதிக்கவைக்காமல் ஒருபோதும் போடாதிருத்தல். இவற்றைச் செய்யாத கொட்டிலில் ஓமத்தை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் ஏதும் விளையாது.

இவற்றையெல்லாம் செய்தபின் தாவரச் சேர்க்கை ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு முறையைச் சொல்கிறோம். பால் மறந்த கழிச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே தணியக்கூடியது. கழிச்சல் கண்டபின் பொடியைப் போட்டு, ஐந்தாம் நாள் நின்றதும் பொடிக்குப் புகழ் சேர்ப்பது எளிது. ஆகையால் முன்னும் பின்னும் ஒப்பிடுவது பயனற்றது. பக்கத்துக் கொட்டிலோடு ஒப்பிட வேண்டும். ஒரே தாயின் குட்டிகளை எடை பார்த்து இரு சம பங்காகப் பிரிக்க. பெரிய குட்டிகள் ஒரு பக்கமாகவும் நோஞ்சான்கள் மறுபக்கமாகவும் போய்விடக்கூடாது. இரு கொட்டிலுக்கும் ஒரே மூட்டைத் தீவனம். ஒன்றில் மட்டும் சேர்க்கை. எதில் சேர்க்கை இருக்கிறது என்பதைச் சாணம் பார்த்துக் குறிப்பவர் அறியாதிருத்தல் நலம். காலையில் கழிச்சல் கண்ட குட்டிகளை எண்ணி எழுதுக. இட்ட தீவனத்தையும் மிஞ்சியதையும் நிறுத்து எழுதுக. பிரித்த நாளிலும், பதினான்காம் நாளிலும், இருபத்தெட்டாம் நாளிலும் எடை போடுக. மூன்று நான்கு ஈற்றுகளிலாவது இவ்வாறு செய்யவேண்டும். பத்துக் குட்டிகளில் ஒன்றின் வேறுபாடு எதையும் நிறுவாது. மழைக்காலத்தில் ஒருமுறையும் பனிக்காலத்தில் ஒருமுறையும் பார்த்துவிட்டு, கூடுதலாகக் கிடைத்த எடையின் விலையையும் சேர்க்கைக்குக் கொடுத்த விலையையும் எதிரெதிரே எழுதினால், அடுத்த மூட்டையை வாங்குவதா வேண்டாமா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.